தெருக்கூத்து ஒலிப்பதிவு

தெருக்கூத்து ஒலிப்பதிவு என்பது விடிய விடிய நிகழும் கூத்தின் பாட்டையும் இசையையும் எண்ணிம முறையில் பதிந்து பாதுகாப்பதாகும். விழுப்புரம் மாவட்டம் செஞ்சி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் விழாக்களில் பாரதக் கூத்து நடைபெறுகிறது. செஞ்சியை அடுத்த மேலச்சேரிக் கோயிலை இவ்வழிபாட்டின் மூலக் கோயிலாக அடியார்கள் கருதுவர்.

இத்தகைய பதிவில் முதற் சிக்கல் நீளமே. குறுந்தட்டுத் தரத்தில் (நொடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், இரு தடங்கள்) ஒரு மணி நேர ஒலி சுமார் 635 மெகாபைட் இடம் பிடிக்கும். வழமையான வேவ் கோப்பின் உச்ச அளவு 4 கிகாபைட் ஆகும். ஆதலால் இரவு 10 மணிக்குத் தொடங்கிய பதிவு ஏறத்தாழ 4.45 மணிக்கு நிரம்பிவிடும். விடியலில் வரும் முடிவுக் காட்சி விடுபடக்கூடும். 24 பிட் எனில் நாலரை மணி நேரமே கொள்ளும். பல பதிவுக் கருவிகள் தாமே அடுத்த கோப்பைத் தொடங்கும்; எனினும் இதனை விழாவுக்கு முன்பே சோதித்தறிதல் வேண்டும். கணினியில் பதிவோர் ஆர்எஃப்64 வடிவத்தைப் பயன்படுத்தலாம்.

முகவீணையின் கூரிய ஒலியும் மத்தள அடியும் உச்ச அளவைத் தாண்டினால் அலைமுகடு வெட்டுப்படும். அதனைப் பின்னர் எம்மென்பொருளாலும் முழுமையாக மீட்க இயலாது. எனவே உச்சம் -12 டெசிபெல் அளவில் நிற்குமாறு வைத்தல் நன்று.

மூலப் பதிவை இழப்பற்ற ஃபிளாக் வடிவில் சேமிக்கலாம். எம்பி3 பகிர்வதற்கு மட்டுமே ஏற்றது. அதனை மீண்டும் ஃபிளாக்காக மாற்றினால் கோப்புப் பெருக்குமேயன்றி இழந்த ஒலி திரும்பாது.