பழைய இரும்பாகப் போகவிருந்த ஒரு மோட்டார் சைக்கிள்

1990ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. அந்நாட்களில் அங்கு வாழ்ந்தவர்களுக்கு மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களைப் பற்றிச் சொல்லித் தரத் தேவையில்லை. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு உதைப்பார்கள். இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடும். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதே இதற்குக் காரணம்.

ஆனால் இதற்கு ஒரு விலையும் இருந்தது. சரியாக எரியாத மண்ணெண்ணெய் பிளக்கிலும் வால்விலும் கரியாகப் படிந்தது. மிகுதி பிஸ்டன் ஓரமாக வடிந்து, கீழேயுள்ள என்ஜின் ஒயிலில் கலந்து, அதை நீர்த்துப்போகச் செய்தது.

அவ்வாறு ஓடிய ஹொண்டா சி 70 ஒன்றைப் பற்றியே இங்கு சொல்லப் போகிறோம். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது ஒரு விவசாயி அதை வடமராட்சியில் மைத்துனர் வீட்டுக் கொட்டிலில் விட்டுவிட்டு வன்னிக்குப் போனார். பல இடம்பெயர்வுகளின் பின் குடும்பம் மீளக்குடியேறியபோது, சைக்கிள் துருவேறி அங்கேயே நின்றது. பழைய இரும்பு வாங்குபவர் விலை பேசினார். தகப்பனார் சம்மதிக்கவில்லை. மகனுக்கோ கத்தரிக்காயைச் சந்தைக்குக் கொண்டுபோக ஒரு வாகனம் வேண்டும். புதிது வாங்கக் காசில்லை. ஸ்பனர் பிடித்தறியாத அந்த இளைஞர் தாமே திருத்துவதென்று இறங்கினார்.

தகப்பனார் சொன்னது ஒன்றுதான்: “தம்பி, எல்லாத்தையும் ஒரேயடியாக் கழட்டிப் போடாதை. ஒண்டைப் பாத்து முடிச்சுப்போட்டு மற்றதைத் தொடு.”

முதலில் பதிவுப் புத்தகத்தில் உள்ள என்ஜின் இலக்கமும் சட்ட இலக்கமும் வாகனத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்த்தார்கள். பொருந்தாவிட்டால் செலவழிக்கும் காசு வீண். அடுத்து, பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தினூடாகச் சிறிது ஒயில் விட்டு ஓரிரவு வைத்தார்கள். நெடுங்காலம் நின்ற இயந்திரத்தை உடனே உதைத்தால் துருப்பிடித்த ரிங் சிலிண்டரைக் கீறிவிடும். மறுநாள் மிதியைக் கையால் மெல்ல அழுத்தியபோது பிஸ்டன் அசைந்தது. பழைய ஒயிலை வடித்துப் புதியது விட்டார்கள். புதிய பிளக்கின் இடைவெளியை 0.6 மில்லிமீற்றருக்குச் சரிசெய்து பூட்டினார்கள். தாங்கிக்குள் சிறு கற்களைப் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்துக் கழுவிக் காயவைத்தார்கள்.

இனிக் காபரேற்றர். காற்றையும் எரிபொருளையும் அளவாகக் கலந்து இயந்திரத்துக்கு அனுப்புவது அதன் வேலை. எரிபொருள் முதலில் கீழேயுள்ள சிறு கிண்ணத்தில் நிறைகிறது. மிதவை உயர்ந்து ஊசி வால்வை மூடும்போது வரத்து நிற்கிறது. கிண்ணத்திலிருந்து ஜெற் எனப்படும் பித்தளைத் துண்டின் நுண்ணிய துவாரத்தினூடாக எரிபொருள் மேலே உறிஞ்சப்படுகிறது. வாகனம் நெடுநாள் நின்றால் எரிபொருள் காய்ந்து, பிசின்போல அத்துவாரத்தை அடைத்துவிடும்.

இளைஞர் தவறு செய்தது இங்கேதான். அடைப்பை நீக்க மெல்லிய இரும்புக் கம்பியை ஜெற்றுக்குள் விட்டுக் குடைந்தார். இயந்திரம் ஓடியது, ஆனால் கரும்புகை தள்ளியது. புதிய பிளக் இரண்டு நாளில் கரியாயிற்று. பித்தளை மென்மையானது, கம்பி துவாரத்தைப் பெரிதாக்கிவிட்டது. புது ஜெற் வாங்கிப் பூட்டும்வரை சீராகவில்லை. முழுக் காபரேற்றரையும் மாற்றும்படி சிலர் கூறினார்கள். அதற்குத் தேவை இருக்கவில்லை.

இவ்வேலையில் இறங்குவோர் கவனிக்க வேண்டியவை சில:

வெள்ளைத் துணி விரித்த தட்டின்மேல் கழற்றுங்கள். கழற்றிய ஒழுங்கிலேயே வரிசையாக வையுங்கள்.

காற்றுத் திருகாணியைக் கழற்றுமுன், அது முழுதாக இறுக எத்தனை சுற்று எடுக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். மெதுவாகவே இறுக்குங்கள், இறுகிய பின் அழுத்தினால் அதன் கூர் பழுதாகும்.

ஜெற்றை பெற்றோலில் ஊறவைத்து, சைக்கிள் பம்பால் காற்றடியுங்கள். அடைப்பு நீங்காவிட்டால் தூண்டில் நைலோன் நரம்பை விடுங்கள். கம்பி வேண்டாம்.

மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே எரிபொருள் தளம்பினால் அது ஓட்டை. ஊசி வால்வின் நுனியில் வளையமாகத் தேய்வு தெரிந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் எரிபொருள் வழிந்தோடும்.

பெற்றோலோடு வேலை செய்வது வெளி முற்றத்தில், அடுப்புக்கும் விளக்குக்கும் எட்டத்தில் இருக்கட்டும். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். வாயால் பெற்றோல் உறிஞ்சாதீர்கள்.

பூட்டிய பின் இயந்திரத்தைச் சூடாக்கிக் காற்றுத் திருகாணியைச் சரிசெய்யலாம். சில நாள் ஓடிய பின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். மண்ணிறமாயின் கலவை சரி. கரி படிந்திருந்தால் எரிபொருள் அதிகம். வெளுத்திருந்தால் எரிபொருள் போதாது. அப்படியே ஓட்டினால் இயந்திரம் மிகையாகச் சூடாகும்.

இயந்திரம் ஓடியவுடன் வீதியில் இறங்கிவிடக் கூடாது. பல ஆண்டுகள் நின்ற ரயரையும் ரியூப்பையும் பிரேக் கட்டைகளையும் நம்ப முடியாது. இளைஞர் அவற்றை மாற்றக் காசு சேரும்வரை இரண்டு மாதம் காத்திருந்தார். அதுவரை கத்தரிக்காய் மிதிசைக்கிளிலேயே சந்தைக்குப் போயிற்று.

இன்று அது மோட்டார் சைக்கிளில் போகிறது. ஆயினும் அக்குடும்பம் பெற்ற பெரிய இலாபம் வேறொன்று. தோட்டத்து இறைப்பு இயந்திரத்திலும் அதே கிண்ணம், அதே மிதவை, அதே ஜெற்தான் உண்டு. முன்பு அது நின்றால் கராஜுக்குக் கொண்டுபோய்க் காத்திருப்பார்கள்; பயிர் வாடும். சென்ற போகத்தில் அது நின்றபோது, மகன் மாமரத்தின் கீழ் வெள்ளைத் துணியை விரித்தார். பொழுதுபடுமுன் தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்தி கட்டப் போனார்.