மூக்குச் சளியில் என்ன பார்க்கிறார்கள்?

கைப்பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறீர்கள். அங்கே நர்ஸ் ஒரு மெல்லிய குழாயைப் பிள்ளையின் மூக்குக்குள் விட்டுச் சளியை உறிஞ்சி எடுக்கிறார். பிள்ளை வீறிட்டு அழுகிறது. "நோவு நெஞ்சுல இருக்கு, இவங்க ஏன் மூக்கைப் போட்டு நோண்டுறாங்க?" என்று ஒரு பாட்டி என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். நியாயமான கேள்விதான்.

டாக்டர் தேடுவது பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸ் கிருமியை. இரண்டு வயதுக்குள் அநேகமாக எல்லாப் பிள்ளைகளையும் ஒரு தடவையாவது இது பிடித்துவிடும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வெறும் ஜலதோஷம். ஆனால் சின்னக் குழந்தைக்கு நெஞ்சிலுள்ள மெல்லிய மூச்சுக் குழாய்கள் வீங்கி, சளி அடைத்து, இழுப்பு வந்துவிடும். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1982 முதல் 2008 வரை, சுவாச நோயால் சேர்க்கப்பட்ட பிள்ளைகளின் சளியைச் சோதித்த கணக்கு இருக்கிறது. வைரஸ் அகப்பட்டவர்களில் 100க்கு 70 பேருக்கு இந்த ஆர்.எஸ்.வி.தான். வருஷக் கடைசி மாதங்களில்தான் அதிகம்.

இந்தக் கிருமி மூக்கின் உள்தோலில்தான் முதலில் பெருகுகிறது. அதனால்தான் நெஞ்சு நோவுக்கு மூக்கைப் பார்க்கிறார்கள். நுனி மூக்கில் பஞ்சால் துடைத்தால் போதாது. உள்ளே போய் எடுத்தால்தான் கிருமி பிடித்த உயிரணுக்கள் சளியோடு வரும். எடுத்த சளியை ஐஸில் வைத்துச் சீக்கிரமாகப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள்.

கிருமியின் மேலே சில புரதங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பெயர் ஆன்டிஜென். நமக்கு அடையாளக் கார்டு எப்படியோ, கிருமிக்கு அது அப்படி. அந்த ஆன்டிஜெனை மட்டும் போய்ப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் ஒன்றை ஒளிரும் சாயத்தோடு சேர்த்துத் தயாராக வைத்திருப்பார்கள். சளியிலுள்ள உயிரணுக்களைக் கண்ணாடித் தகட்டில் பூசி, அதன்மேல் இதைச் சொட்டுவார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கழுவுவார்கள். கிருமி இருந்தால் சாயம் ஒட்டிக்கொண்டு நிற்கும். இல்லாவிட்டால் தண்ணீரோடு போய்விடும். விசேஷ பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் இருட்டில் பச்சைப் பச்சையாக மின்னும். முன்பெல்லாம் கிருமியை வளர்த்துப் பார்க்கப் பல நாள் ஆகும். பிள்ளை தேறி வீட்டுக்குப் போன பிறகுதான் பதில் வரும். இந்த முறையில் சில மணி நேரம் போதும்.

2021இல் கோவிட் சமயத்தில் வீட்டிலேயே மூக்கில் குச்சி விட்டு, அட்டையில் கோடு விழுகிறதா என்று பார்த்தோமே, அதுவும் ஆன்டிஜென் சோதனைதான். ஆர்.எஸ்.வி.க்கும் அதுபோல அட்டை உண்டு. கால் மணி, அரை மணியில் தெரிந்துவிடும்.

இங்கேதான் நம்மவர்கள் ஏமாந்து போகிறார்கள். "டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க" என்று நிம்மதியாகப் படுத்துவிடுகிறார்கள். சளி போதுமான அளவு வராவிட்டாலும், நோய் கண்டு பல நாள் ஆகிவிட்டாலும் ஆன்டிஜென் தெரியாமல் போகலாம். வேறு கிருமியாகவும் இருக்கலாம். கிருமி உண்டு என்று வந்தாலும் ஆன்டிபயாடிக் மருந்து இதைக் கொல்லாது. "மருந்தே கொடுக்கல, அலட்சியமா அனுப்பிட்டாங்க" என்று கோபப்படாதீர்கள். சோதனையின் முக்கியப் பிரயோஜனம், அந்தப் பிள்ளையை வார்டில் மற்ற குழந்தைகளிடமிருந்து ஒதுக்கி வைப்பதும், வேண்டாத மருந்தைத் தவிர்ப்பதும்தான்.

ஆகவே தாய்மார்களே, சோதனைச் சீட்டை விட உங்கள் கண்ணை நம்புங்கள். பிள்ளை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40; இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். விலா எலும்பின் கீழ் குழி விழுந்தால், பால் குடிக்காவிட்டால், உதடு நீலம் பாரித்தால், நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குறைமாதப் பிள்ளைகளுக்கும் இருதயக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விடுபவர்களுக்கு ஒன்று. இந்தக் கிருமி தொட்டிலின் கம்பியிலும் விளையாட்டுச் சாமானிலும் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். சளி துடைத்த கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவாமல் ஆயா அடுத்த குழந்தையைத் தூக்கக் கூடாது. ஆயாவைக் குறை சொல்லவில்லை. தண்ணீரும் சவுக்காரமும் அங்கே வைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கிடைக்காவிட்டாலும் அவர் கதவைத் தட்டலாம், எத்தனை மணியானாலும் சரி.