ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் பொருத்தம் பார்ப்பது எப்படி?

வெளிமாநிலத்தில் குடியிருக்கும் நமக்கு மார்கழிக் கச்சேரி என்பது பெரும்பாலும் வீட்டுக் கூடத்தில்தான். சபாவுக்குப் போக முடியாத குறையை நல்லதொரு ஸ்பீக்கர் ஜோடி ஓரளவு தீர்த்துவைக்கும். ஆனால் கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்ட வாட் கணக்கு. ஐம்பதைவிட நூறு பெரிது என்று நாமும் நூறைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். உண்மையில் வாட் என்பது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். அதற்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று: ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி, அதன் ஓம் அளவு, நம் வீட்டு அறை.

ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் சத்தம் வருகிறதோ அதுவே சென்சிட்டிவிட்டி. வீட்டு ஸ்பீக்கர்கள் பலவற்றில் இது 84 முதல் 90 வரை இருக்கும். மூன்று நான்கு எண்தானே வித்தியாசம் என்று விட்டுவிடக் கூடாது. 3 டெசிபல் கூட வேண்டுமானால் வாட் இரண்டு மடங்காக வேண்டும். 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. அந்தப் பத்து மடங்குக்கும் நம் காது உணர்வது சுமார் இரட்டிப்புச் சத்தம்தான். ஆக, 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 3 டெசிபல். விலை வித்தியாசமோ அப்படி இல்லை.

இரண்டு புகழ்பெற்ற ஸ்பீக்கர்களை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் பால் கிளிப்ஷ் 1940களில் உருவாக்கிய, மூலையில் நிறுத்தும் பெரிய கிளிப்ஷ்ஹார்னுக்குச் சொல்லப்படும் அளவு 105 டெசிபல். ஒளிபரப்பு வண்டிகளின் குறுகிய இடத்துக்காக பி.பி.சி. 1970களில் வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ என்ற சின்னப் பெட்டிக்கு சுமார் 83. முதலாவது ஒரு வாட்டில் தரும் சத்தத்தை இரண்டாவதிலிருந்து பெற 150 வாட்டுக்கு மேல் வேண்டும். அவ்வளவை அது தாங்கவும் தாங்காது. அதற்காகச் சின்னது மட்டம் என்று அர்த்தமில்லை. மனிதக் குரலை உள்ளபடி காட்டுவதில் பேர் பெற்றது அது. சென்சிட்டிவிட்டி தரத்தைச் சொல்வதில்லை; எத்தனை வாட் தேவை என்பதை மட்டுமே சொல்கிறது.

சரி, நம்ம கூடத்துக்கு எவ்வளவு வேணும்? 86 டெசிபல் ஸ்பீக்கர் ஜோடி. நாம் உட்காருவது மூன்று மீட்டர் தள்ளி. தூரத்தில் குறைவதையும், இரண்டு ஸ்பீக்கர் சேர்வதால் கூடுவதையும் கணக்கிட்டால், ஆளுக்கு ஒரு வாட் கொடுத்தாலே சுமார் 80 டெசிபல் வந்துவிடும். நிதானமாகக் கேட்க 75 போதும். அதற்குக் கால், அரை வாட்டே அதிகம். ஆனால் தனி ஆவர்த்தனத்தில் விழும் ஒரு பலத்த அடி, சராசரியைவிட 15, 20 டெசிபல் மேலே தாவும். அந்தக் கணத்துக்கு 20, 30 வாட் கையிருப்பு வேண்டும். ஆகவே நடுத்தர அறைக்கு 30 முதல் 50 வாட் உள்ள நேர்மையான ஆம்ப்ளிஃபையர் தாராளம்.

நேர்மையான என்று சொல்லக் காரணம் உண்டு. பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் போடும் எண்ணுக்கு ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. ஆர்.எம்.எஸ். அளவையே கேளுங்கள், அது எத்தனை ஓமில், இரண்டு சானலும் ஒருசேர ஓடும்போதா என்றும் கேளுங்கள்.

சின்ன ஆம்ப்ளிஃபையர் என்றால் ஸ்பீக்கருக்கு ஆபத்தில்லை என்பதும் தப்பு. சக்திக்கு மேல் விரட்டினால் அது ஒலி அலையின் தலையை வெட்டிவிடும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். அதில் பிறக்கும் தேவையற்ற மேல்ஸ்தாயி ஒலிகள் ட்வீட்டரைச் சுட்டுவிடும். குரல் கரகரத்தால் உடனே வால்யூமைக் குறையுங்க.

அடுத்தது ஓம். பெரும்பாலான ஸ்பீக்கர்கள் 8, 6 அல்லது 4 ஓம். 8 ஓமைவிட 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்தில் குறைந்தபட்சம் 6 ஓம் என்று எழுதியிருந்தால் அதில் 4 ஓமை மாட்டாதீர்கள். சூடேறி நின்றுவிடும், சமயத்தில் எரிந்தும் போகும். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை ஒரே முனையில் பக்க இணைப்பாகச் சேர்த்தாலும் 4 ஓம்தான். இன்னொரு சூட்சுமம்: சில கம்பெனிகள் ஒரு வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட்டில் அளந்து போடுவார்கள். 8 ஓமில் அது ஒரு வாட். 4 ஓமில் இரண்டு வாட். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கரின் எண்ணில் 3 டெசிபல் கழித்துத்தான் ஒப்பிட வேண்டும்.

எதைக் கேட்கப் போகிறோம் என்பதும் முக்கியம். ஒரு கட்டைச் சுருதியில் பாடுபவரின் மத்திய ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். தம்புராவின் மந்தர ஷட்ஜம் அதில் பாதி, 65. வாய்ப்பாட்டும் வயலினும்தான் வீட்டில் அதிகம் என்றால், 60, 70 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் சிறிய பெட்டியே போதும். இளையராஜா பாடல்களின் பேஸ் கிட்டார் முழுசாகக் கேட்க வேண்டுமா? நான்கு தந்தி பேஸ் கிட்டார் 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அதற்குப் பெரிய டவர் ஸ்பீக்கரோ தனி சப்வூஃபரோ வேண்டும்.

கடைசியாக, செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய அறை. மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் வீங்கி, மிருதங்கத்தின் தொப்பி குடம் மாதிரி ஒலிக்கும். சுவரிலிருந்து ஒன்றிரண்டு அடி முன்னே இழுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் நாமும் ஒரு சமபக்க முக்கோணமாக, ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். மார்பிள் தரையும் வெற்றுச் சுவரும் எதிரொலிக்கும்; ஜமுக்காளம், திரைச்சீலை, புத்தக அலமாரி இவை அதை அடக்கும். வயருக்கு ஆயிரங்களைக் கொட்ட வேண்டாம். ஐந்து மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரே போதும். பிளஸ், மைனஸ் மட்டும் மாறாமல் இணைத்தால் சரி. ஒரு பக்கம் மாறினாலும் பேஸ் காணாமல் போய்விடும்.

வாங்கப் போகும்போது உங்களுக்கு மனப்பாடமான பாட்டைக் கொண்டுபோங்கள். ஒப்பிடும் ஜோடிகளை ஒரே சத்தத்தில் வைத்துக் கேளுங்கள். கொஞ்சம் உரக்க ஒலிப்பதே நல்லது என்று காது நினைத்துவிடும். விற்பவருக்கு அது நன்றாகத் தெரியும். இருக்கும் பணத்தில் பெரும்பங்கை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள். மெதுவாக வைத்தாலும் சாகித்தியத்தின் சொல் தெளிவாகக் காதில் விழுந்தால், பக்கத்து வீட்டுக்காரரும் முகம் சுளிக்காமல் இருந்தால், பொருத்தம் சரியாக அமைந்துவிட்டது என்று அர்த்தம்.