அலவாங்கும் நெம்புவிசையும்

நுவரெலியா, ஹற்றன் தேயிலைச் சரிவுகளையடுத்து மரக்கறித் தோட்டம் அமைக்கும் கமக்காரர் முதலில் அகற்றவேண்டியது கல்லேயாம். அதற்குதவும் அலவாங்கின் பெயரே நெம்புகோலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்ததாகும்.

ஐந்தடி அலவாங்கின் நுனியிலிருந்து 6 அங்குலத்தில் தாங்குகல்லை வைத்தால், கைப்பக்கம் 54 அங்குலமாகும். அஃதாவது 9 மடங்கு. ஆதலின் நுனியிலுள்ள 180 கிலோ பாரத்திற்குக் கையில் 20 கிலோ விசை போதும். தாங்குகல் 12 அங்குலத்தில் இருப்பின் 45 கிலோ வேண்டும்.

எனினும், கை 9 அங்குலம் தாழ்ந்தால் கல் 1 அங்குலமே உயரும். ஆகவே சிறிது சிறிதாக உயர்த்தி, அவ்வப்போது அடியில் அடைகல் இடுக.

அலவாங்கை முனையிற் பிடித்துத் தூக்கின் இதே விதி முதுகை வருத்தும். நடுவிற் பிடித்துச் செல்க. கல்லின் கீழ்ச்சரிவில் எவரும் நிற்றலாகாது.