கணிப்பொறியின் கருவுக்கும் புரூப் பார்க்கிறார்கள்!

சிவகாசியில் அச்சாகும் தினசரிக் காலண்டரைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஓர் அமாவாசை ஒரு நாள் தள்ளி அச்சாகிவிட்டால் என்ன ஆகும்? அது ஒரு பிரதியில் நேர்ந்த பிழையன்று. பிளேட்டில் ஏறிய பிழை. எத்தனை பிரதிகள் ஓடுகின்றனவோ அத்தனையிலும் அது இருக்கும். ஆகவேதான் இயந்திரம் ஓடுமுன் புரூப் எடுத்து, கோத்தவர் அல்லாத இன்னொருவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார்.

கணிப்பொறி நிரல்களுக்கும் இப்படிப் புரூப் பார்ப்பது உண்டு என்பதை அறிவீர்களா?

ஆலங்குளத்திலிருந்து சிவகாசிக்குப் பேருந்தில் செல்கிறீர்கள். கையில் ஓர் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் உள்ளே லினக்ஸ் என்னும் நிரல் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோசுடன் 'பாஸ்' என்ற இயக்க அமைப்பும் இருந்தது. அதை உருவாக்கியது சென்னையிலுள்ள சி-டாக் மையம். அதன் கருவும் இதே லினக்ஸ்தான்.

இந்தக் கருவைக் கெர்னல் என்பர். நினைவகத்தைப் பங்கிடுவது, எந்த நிரல் எப்போது ஓடலாம் என்று முறை வைப்பது, எந்தக் கோப்பை யார் திறக்கலாம் என்று தீர்ப்பது எல்லாம் இதன் வேலை. சாதாரண நிரல் ஒன்று தவறு செய்தால் அது மட்டும் நின்றுபோகும். கெர்னல் தவறினால் முழு இயந்திரமுமே முடங்கலாம். அல்லது, அதைவிடக் கொடிது, பூட்டு திறந்து கிடப்பது தெரியாமலே வேலை நடந்துகொண்டிருக்கும்.

1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் முதலில் வெளியிட்டபோது லினக்ஸ் ஏறத்தாழ 10,000 வரிகள்தாம். இன்றோ மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள். எழுதுவோர் உலகெங்கும் சிதறிக் கிடக்கிறார்கள். பெரும்பாலோர் ஒருவரையொருவர் நேரில் கண்டதுகூட இல்லை.

ஒருவர் மாற்றம் செய்ய விரும்பினால் முழு நிரலையும் அனுப்புவதில்லை. நீக்கும் வரிகளுக்கு முன் கழித்தல் குறி, சேர்க்கும் வரிகளுக்கு முன் கூட்டல் குறி இட்டு, 'இதை ஏன் செய்தேன்' என்ற விளக்கத்துடன் அனுப்புகிறார். இதற்குப் 'பேட்ச்', அதாவது ஒட்டு, என்று பெயர். கெர்னலின் ஒவ்வொரு பகுதிக்கும் பராமரிப்பாளர் உண்டு. அவரும் பிறரும் அந்த ஒட்டை வரி வரியாகப் படிக்கிறார்கள்.

'சரியாக வேலை செய்கிறதா என்று ஓட்டிப் பார்த்தால் போதாதா? படிப்பானேன்?' என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். ஓட்டிப் பார்ப்பது இன்றைக்குப் போதும். ஆனால் எழுதியவர் நாளை வேறு வேலைக்குப் போய்விடுவார். பத்தாண்டு கழித்து வேறொருவர் அதே இடத்தைத் திருத்த நேரும். அவருக்குப் புரியாத நிரலை அவரால் பயமின்றித் தொட முடியுமா? ஆகவே 'ஓடுகிறதா?' என்பதோடு 'புரிகிறதா?' என்பதையும் கேட்கிறார்கள். ஓடினாலும் புரியாத ஒட்டு திரும்பி வந்துவிடும்.

இதற்கென டார்வால்ட்ஸ் எழுதிவைத்த நடை விதிகள் கெர்னலோடேயே வருகின்றன. உள்ளடங்கிய ஒவ்வொரு படிக்கும் எட்டு எழுத்து அளவு உள்தள்ளி எழுத வேண்டும். அவ்வளவு தள்ளினால் வரி வலப்புறம் ஓடிவிடாதா? ஓடும்தான். மூன்று படிக்கு மேல் உள்ளே போக நேர்ந்தால் நிரலின் அமைப்பே கோணல், அதைத் திருத்துங்கள் என்பது அவர் பதில்! ஒரு செயற்கூறு ஒரே வேலையைத்தான் செய்ய வேண்டும். ஓரிரு திரைகளுக்குள் அடங்க வேண்டும். குறிப்புரையில், நிரல் என்ன செய்கிறது என்பதைச் சொல்லலாம். எப்படிச் செய்கிறது என்பதை நிரலே காட்ட வேண்டும்.

உள்தள்ளல் வெறும் அலங்காரமா? பின்வரும் வரிகளைப் பாருங்கள்:

பிழை இருந்தால்
    வெளியேறு;
    வெளியேறு;

இரண்டாம் 'வெளியேறு'வும் 'பிழை இருந்தால்' என்பதைச் சேர்ந்தது போலக் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் சி மொழியில், அடைப்புக்குறி இடாவிட்டால் முதல் கட்டளை மட்டுமே அந்த நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது, பிழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடந்தே தீரும். அதற்குப் பின் உள்ள சோதனைகளோ ஒருபோதும் நடவா. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் போன்களிலும் கணிப்பொறிகளிலும் வெளிப்பட்ட பிழை இதுவே. அது கெர்னலில் அன்று, பாதுகாப்பான இணையத் தொடர்பை அமைக்கும் பகுதியில் இருந்தது. மறுமுனையில் இருப்பவர் உண்மையானவர்தாமா என்று கையொப்பத்தைச் சரிபார்க்கும் படி அப்படியே தாண்டப்பட்டுவிட்டது. இரட்டித்துப் போன ஒரே ஒரு வரி!

லினக்சுக்கும் ஒரு சோதனை வந்தது. 2003 நவம்பரில் அதன் நிரல் நகல் ஒன்று இருந்த சர்வரில் யாரோ புகுந்து இரண்டு வரிகளைச் சேர்த்தனர். மேலோட்டமாகப் பார்த்தால், 'இன்னின்ன அடையாளங்களுடன் அழைத்து, பயனர் எண் 0 ஆகவும் இருந்தால் பிழை என்று சொல்' என்னும் சாதாரணச் சோதனை. சோதனையானால் '== 0' என்று இரண்டு சமக்குறி இருக்க வேண்டும். அங்கே இருந்ததோ '= 0'. சி மொழியில் ஒற்றைச் சமக்குறி 'சமமா?' என்று கேட்பதன்று. 'சமமாக்கு' என்னும் ஆணை. பயனர் எண் 0 என்பது இயந்திரத்தின் முழு அதிகாரம் பெற்றவருக்குரிய எண். ஆக, அந்த இரகசிய அடையாளங்களுடன் அழைக்கும் எவரும் நொடியில் எசமானர் ஆகிவிடுவார்! பிழைச் செய்தியும் வராது. கம்பைலர் எச்சரிக்காதபடி அந்தத் துண்டைச் சுற்றி ஓர் அடைப்புக்குறியும் போட்டிருந்தார்கள். கெட்டிக்காரத் திருடன்தான்.

பிடிபட்டது எப்படி? மூல நிரலோடு நகலை ஒப்பிடும் தானியங்கிச் சோதனை பொருந்தாமையைக் காட்டியது. அந்த மாற்றம் முறையான வழியில் வந்ததாகப் பதிவும் இல்லை. பின்பு வரிகளைப் படித்தவர்கள் ஒற்றைச் சமக்குறியின் பொருளைக் கண்டுகொண்டார்கள். பதிப்புகள் அந்த நகலிலிருந்து வெளிவருபவை அல்ல என்பதால் பயனர் எவருக்கும் தீங்கில்லை.

படித்தால் எல்லாம் அகப்பட்டுவிடும் என்று எண்ண வேண்டாம். 'டர்ட்டி கௌ' என்று பெயர் பெற்ற ஓட்டை 2007 முதல் லினக்சில் இருந்தது, 2016-இல்தான் பிடிபட்டது. இரண்டு செயல்கள் ஒரே கணத்தில் முந்தப் பார்க்கும்போது மட்டுமே திறக்கும் ஓட்டை அது. ஒரு வரியைப் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடியதன்று.

நடை பார்ப்பதிலும் அளவு உண்டு. இடைவெளி, வரி நீளம் போன்றவற்றைப் பார்க்க 'செக்பேட்ச்' என்ற நிரல் இருக்கிறது. அதற்கு மனிதர் கண் வேண்டியதில்லை. ஒரு வரி 80 எழுத்தைத் தாண்டினால் எச்சரித்துவந்த அந்த நிரலை 2020-இல் 100 எழுத்துவரை பொறுக்கும்படி தளர்த்தினார்கள். 80-க்குள் அடக்குவதற்காக வரியைக் கண்டபடி உடைத்தால் படிப்பது முன்னிலும் கடினமாகிறது அல்லவா? நன்றாக ஓடும் பழைய நிரலில் இடைவெளியை மட்டும் திருத்தி ஒட்டு அனுப்புவதையும் பராமரிப்பாளர்கள் பலர் விரும்புவதில்லை. இந்த வரியை யார், எதற்காக எழுதினார் என்று பின்னாளில் தேடுபவருக்கு அது இடைஞ்சல். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

ஆனால் அப்படிப்பட்ட திருத்தங்களுக்கென்றே கெர்னலில் ஓர் இடம் உண்டு. 'ஸ்டேஜிங்' என்பது அதன் பெயர். ஓடுகிற, ஆனால் நடை சீராகாத சாதன நிரல்களை 2008 முதல் அங்கே வைத்திருக்கிறார்கள். என்னென்ன சீர்செய்ய வேண்டும் என்ற பட்டியலும் உடன் இருக்கும். புதிதாக வருவோர் பலர் முதல் ஒட்டை இங்கிருந்தே அனுப்புகிறார்கள். வீட்டில் பழைய மடிக்கணினி இருந்தால் கெர்னல் நிரலை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அந்தப் பட்டியலில் ஒன்றை எடுத்து, ஒரு ஒட்டில் ஒரு திருத்தம் மட்டும் செய்து, ஏன் என்பதை இரண்டு வரியில் எழுதி அனுப்பலாம். முதல் முறை திரும்பி வந்தால் மனம் தளர வேண்டாம். அனுபவசாலிகளின் ஒட்டுகளும் இரண்டு மூன்று முறை திரும்பி வருபவைதாம்.