'பிக்கப் இல்ல' என்றால் என்ன கோளாறு?

மாங்காய் சீசனில் வேப்பனப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரி வட்டாரக் கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா காய் ஏற்றிப் போகும் வண்டிகளுக்கு ஓய்வே கிடையாது. 2011-இல் ஓசூர் ஆலையிலிருந்து வரத் தொடங்கிய அசோக் லேலண்டின் 'தோஸ்த்' மாதிரியான சிறு சரக்கு வண்டிகள் அவை. மேட்டில் வண்டி திணறினால் டிரைவர் ஒர்க்‌ஷாப்பில் சொல்வது ஒன்றுதான்: "அண்ணா, பிக்கப் இல்ல."

அதற்குள் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் உண்டு. இன்ஜினில் சக்தி பிறக்காமல் இருக்கலாம். பிறந்த சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேராமலும் இருக்கலாம். கிளட்ச் சரியாகப் பிடித்திருந்தால் ஒரே கியரில் இன்ஜின் சுற்றும் வண்டி வேகமும் மாறாத விகிதத்தில் கூடும். டாப் கியரில் 60 கி.மீ. வேகத்துக்கு 2,000 சுற்று என்றால், 80-க்கு ஏறத்தாழ 2,670. சுற்று 3,000 தாண்டியும் வேகம் 60-லேயே நின்றால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. சுற்றே ஏறாமல் அடங்கினால் டீசல் ஃபில்டர், டர்போ ஹோஸ் பக்கம் தேட வேண்டும்.

ஸ்லிப் பெரும்பாலும் டாப் கியரில்தான் முதலில் தெரியும். சக்கரத்தின் சுமையைக் கீழ் கியர்கள் குறைத்து அனுப்பும். டாப்பில் அது பெரிதாகக் குறையாமல் கிளட்ச்சுக்கு வந்துவிடும். வழுக்கலில் வீணாகும் சக்தி வெப்பமாகிறது. மூக்கைத் துளைக்கும் கருகல் வாடை, கிளட்ச் பிளேட்டின் லைனிங் தீய்வதுதான். மேட்டில் பிரேக் போடாமல் கிளட்ச்சைப் பாதி மிதித்தே வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் லைனிங்கைத் தின்றுவிடும். புது பிளேட்டும் வழுக்கினால் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்று பாருங்கள். சீலை விட்டுப் பிளேட்டை மட்டும் மாற்றுவது தண்டச் செலவு.

சத்தத்தையும் இப்படியே பிரித்துப் பார்க்கலாம். வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது இரைகிறதா? நியூட்ரலில் கிளட்ச்சை மிதித்துப் பாருங்கள். மிதித்ததும் இரைச்சல் நின்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதித்ததும் தொடங்கினால் ரிலீஸ் பேரிங். மிதித்தாலும் மாறாமல் இன்ஜின் குலுங்கினால்தான் ஸ்கேனருக்கு வேலை. காமன்ரெயில் டீசலில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கூட்டிக் குறைக்கும் டீசல் அளவை அது காட்டும். ஒன்று மட்டும் தனித்து நின்றால் அந்த இன்ஜெக்டரையோ கம்ப்ரஷனையோ சோதிக்கலாம். ஆனால் ஸ்கேனர் சொல்வதையே காரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெட்ரோல் காரில் 'லீன்' (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை) என்று அது சொன்னதும் சிலர் ஆக்ஸிஜன் சென்சரை மாற்றுகிறார்கள். அது சரியல்ல. லீன் என்பது விளைவு. காரணம் இன்டேக் ஹோஸின் ஒரு சிறு வெடிப்பாக இருக்கலாம்.

அடுத்த முறை ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் எந்தக் கியரில், எந்த வேகத்தில், சுற்று ஏறியதா இல்லையா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்லிப் உறுதியானால் அதன்பின் லோடு ஏற்றாதீர்கள். பிளேட்டோடு முடிய வேண்டிய செலவு ஃபிளைவீல் வரை போய்விடும்.