லயத்துச் சுவருக்கு அப்பால்

கரவனெல்லப் பகுதியின் றப்பர்த் தோட்டங்களில், ஒரு லயக் காம்பராவின் அழுகுரல் அடுத்த காம்பராவுக்குக் கேளாமற் போவதில்லை. ஆயினும், "புருஷன் பெண்சாதி சங்கதி" என்று நாம் கதவைச் சாத்திக்கொள்கிறோம். அடிபட்டவளோ விடியுமுன் பால்வெட்டுக் கத்தியுடன் மலைக்குப் போய்விடுகிறாள். அன்றைக்குப் பேர் விழாவிட்டால் அடுப்பு எரியாதன்றோ?

பொலிசுக்குப் போனால் அவரை மறியலில் வைத்துவிடுவார்களே, பிள்ளைகளின் கதி என்ன என்பதே அவளது முதல் அச்சம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உதவ வருவது இவ்விடத்திலேதான். இதன்படி பெறுவது சிறைத் தண்டனையன்று, மணமுறிவுமன்று. இனித் துன்புறுத்தலாகாது என்று நீதவான் இடும் பாதுகாப்புக் கட்டளையே அது. வீட்டினுள் நுழையவும் அவனுக்குத் தடை விதிக்கலாம். உடலில் விழும் அடி மட்டுமன்றி, உள்ளத்தை வதைக்கும் கொடுமையும் இச்சட்டத்தில் அடங்கும்.

பாதிக்கப்பட்டவள் தானே நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அவள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். அவசரமெனில் இடைக்காலக் கட்டளை கிடைக்கும். 14 நாட்களுக்குள் விசாரணை. பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரை நிற்கும். அதை மீறினாலே 10,000 ரூபா வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

ஏட்டில் இவ்வளவு இருந்தும், சிங்களத்தில் எழுதிய முறைப்பாட்டில் பொருள் விளங்காமல் கையொப்பமிட்டுத் திரும்பும் பெண்ணுக்கு என்ன பயன்? தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியே. தமிழில் எழுதும்படி கேட்பது அவளது உரிமை. மகளிர் உதவித் தொலைபேசி இலக்கம் 1938. அடுத்த காம்பராவிலிருந்தும் அழைக்கலாம்.